முதல் இடுப்பு

வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே நெய்திக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெயில் சுடாமலிருக்க இந்தச் சுற்றுலாக்காரர்கள் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் களிம்பின் நெடி. ஆளுக்கு அரை டப்பா அப்பியிருப்பார்கள் போல. சன்னலைத் திறக்கலாமென்றால் அது திறக்கவே திறக்காத கண்ணாடி. உள்ளே ஏசிக் குளிர், குளிருக்குள் அந்த நெடி, அதோடு யாரோ உரித்த ஆரஞ்சுப் பழம், யாரோ கழற்றிப் போட்ட செருப்பு. நெய்தி மூன்று மாதக் குழந்தையின் முகத்தைத் தன் மார்புக்குள் புதைத்துக்கொண்டாள்.

பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்தது.

"எவ்வளவு குட்டிப் பாதம்! தொடலாமா?"

தொட்டுவிட்டுத் தொடலாமா என்று கேட்பது என்ன பழக்கமோ. நெய்தி திரும்பிப் பார்த்தாள். பிலார் என்று பெயராம், மாத்ரித் நகரத்திலிருந்து புருஷனோடு வந்திருக்கிறாளாம். நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் கையைத் தட்டிவிடலாம். நெய்தி பாதத்தைத் துணிக்குள் இழுத்து மூடிவிட்டுச் சிரித்துவைத்தாள்.

நெய்தியின் புருஷன் ஹாசிந்தோ முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எப்படி முகம் வரும்? இவளையும் குழந்தையையும் இந்த நாற்றத்துக்குள் கொண்டுவந்து அடைத்தவனே அவன்தானே.

ஹாசிந்தோ அந்தச் சுற்றுலாக் கம்பெனியில் பூசாரி. உண்மைப் பூசாரி இல்லை, வேஷப் பூசாரி. கடற்கரை ஓட்டல்களிலிருந்து விடிகாலையில் ஆட்களை அள்ளிக்கொண்டு வருவார்கள். காட்டுக்குள் இருக்கும் பழைய கல்மேட்டைச் சுற்றிக் காட்டி, ஒரு வேளைச் சோறு போட்டு, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் ஒரு சடங்கு. அதற்குத்தான் ஹாசிந்தோ. சடங்குக்கு ஒரு குழந்தை வேண்டும். வழக்கமாக அவனுடைய சித்தப்பா மகன் வீட்டுக் குழந்தையைக் கொண்டுபோவார்கள். அதற்கு அம்மை போட்டுவிட்டது. உடனே இவன் நம்ம வீட்டில் ஒன்று இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான். கோழியை இரவல் கொடுப்பதுபோல.

அந்தச் சடங்கு என்னவென்று கேட்டபோதே நெய்திக்கு ரத்தம் கொதித்தது. ஹெட்ஸ்மேக், தங்கள் மாயா இனத்தில் குழந்தையை முதன்முதலாக இடுப்பில் ஏற்றும் சடங்கு. அதைப் போய்க் காசுக்கு ஆடுகிறார்கள்.

பெண் குழந்தை என்றால் அடுப்புக்கு மூன்று கல், அதனால் மூன்றாம் மாதம். அதுவரை குழந்தையைப் படுக்கை வசத்தில்தான் தூக்க வேண்டும், மார்போடு அணைக்கலாம், ஆனால் காலைப் பிரித்து இடுப்பில் வைக்கக் கூடாது. பெற்றவர்கள் தேடித் தேடி ஒரு பெண்ணைப் பிடிப்பார்கள். அவள்தான் முதல்முதலாகக் குழந்தையை இடுப்பில் ஏற்றி மேசையைச் சுற்றி வருவாள். முட்டை, பூசணி விதை, சோளப்பொடி என்று ஒவ்வொன்றாக அதன் நாக்கில் தடவுவாள். ஊசியைக் காட்டுவாள், பென்சிலைப் பிடிக்க வைப்பாள். அந்த இடுப்பிலிருந்து குழந்தை உலகத்தைப் பார்த்த கணத்தில் அவளுடைய குணம், கை வேலை, நாக்கு எல்லாம் குழந்தைக்குப் போய்விடும். அன்று முதல் அவள் ஞானத்தாய். பெற்றவளுக்கு அவள் கொமாத்ரே, கூடத் தாயானவள். எதிரே வந்தால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பெற்றவள் செத்தால் பிள்ளையை அவள்தான் வளர்க்க வேண்டும். இது ஒரே ஒரு முறை. தப்பான இடுப்பில் ஏறிய குழந்தையை இறக்கிவிட்டு இன்னொன்றில் ஏற்ற முடியாது.

நெய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவளை முதலில் இடுப்பில் வைத்தவள் ஊரறிந்த சண்டைக்காரி. நெய்தி வாயைத் திறந்தால் தெரு முழுக்க யார் வைத்தது என்று சொல்லிவிடும்.

அதனால் மகள் சுவேமிக்கு அவள் வயிற்றில் இருக்கும்போதே ஆள் பார்த்துவிட்டாள். எர்மிலா அக்கா. ஊர்ச் சுகாதார நிலையத்தில் வேலை. நிலையத்துக்கு வந்த மருந்தை ஊர்த் தலைவர் தன் மைத்துனன் கடைக்குத் திருப்பியபோது, ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் அவள். பொய் அவள் வாயில் வராது. தன் மகள் அப்படி இருக்க வேண்டும் என்று நெய்திக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. ஞாயிற்றுக்கிழமை சடங்கு. எர்மிலா அக்கா புதுத் துணிகூட வாங்கிவிட்டாள்.

"இடுப்புல வைக்கவே மாட்டாங்க," என்று ஹாசிந்தோ இரவு முழுக்கச் சத்தியம் செய்திருந்தான். "கையில படுக்க வச்சு வாங்குவாங்க, நான் புகை போடுவேன், போட்டோ எடுப்பாங்க, திருப்பிக் குடுத்துடுவாங்க. இந்த ஒரு தடவைதான். இல்லேன்னா கம்பெனி அம்மா வேற ஆளைப் பாத்துக்கறேங்குது."

"நானும் வருவேன்."

"நீ எதுக்கு?"

"உன் சத்தியத்துக்குக் காவலுக்கு," என்றாள் நெய்தி.

மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது கொசு அப்பியது. மழைக்கால ஈரம், மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. விறகுக்குப் போன காலத்திலிருந்தே ஊரில் எல்லாருக்கும் அது மேடுதான். கம்பெனி வந்து 'சிறுத்தை அரசியின் ரகசிய நகரம்' என்று பலகை வைத்துவிட்டது. எந்த அரசி, யார் பார்த்தது? பலகைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை. அதற்கு வரிசை. வரிசை கலைந்ததும் வந்த நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

கூட்டத்தை மேய்த்துக்கொண்டு போனவள் ரெனாத்தா. இந்தக் காட்டுப் பக்கத்துப் பயணங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. தலைநகரத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கசங்காத வெள்ளைச் சட்டை. இத்தனை ஈரத்தில் எப்படி ஒருத்தி கசங்காமல் இருக்கிறாள் என்பதே நெய்திக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அவள் பேச்சு எண்ணெய் போட்ட கதவு. நிற்காது, தடங்காது.

"இந்தப் பள்ளத்தைப் பாருங்க," என்றாள் ரெனாத்தா மேடையின் ஓரத்தைக் காட்டி. "பலி குடுத்தவங்களோட ரத்தம் இது வழியாத்தான் கீழ ஓடும். கன்னிப் பெண்களோட ரத்தம்."

கூட்டம் மூச்சை இழுத்தது. பிலாரின் புருஷன் குனிந்து படம் எடுத்தான். அது மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டை. நெய்தியின் தாய்மாமன் கூலிக்கு நின்று சிமென்ட் பூசியது. அன்றைக்கு அவருக்குக் கை வெந்து ரத்தம் கசிந்து, அத்தை களிம்பு தடவினாள். இந்த மேட்டில் சிந்திய ரத்தம் நெய்திக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

"இவங்கதான் இன்னிக்கு நமக்குக் குழந்தையைக் குடுக்கப்போற தாய்," என்று ரெனாத்தா சட்டென்று நெய்தியின் தோளில் கை போட்டாள். "பதினாறு வயசு. எங்க மாயா மக்கள்ல பதிமூணுலயே கல்யாணம் ஆயிடும்."

நெய்திக்கு இருபத்தாறு. கல்யாணம் ஆகி மூன்று வருஷம். பிலாரின் கண் கலங்கியே விட்டது. "பாவம், குழந்தைக்குக் குழந்தை!" என்றாள். எத்தனை பேர் முன்னால் தன்னை இப்படிப் புழுவாக நெளிய வைக்கிறாள் என்று நெய்திக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்க மாயா மக்களாமே! இவள் எந்த ஊர் மாயா? ஒரு வார்த்தை மாயாவில் பேசச் சொல்லுங்கள் பார்ப்போம்.

"மேடம், எனக்கு இருபத்தாறு," என்றாள் மெதுவாக.

"தெரியும் ராணி," என்று ரெனாத்தா அவள் காதுக்குள் சொன்னாள். எல்லாரையும் ராணி என்றுதான் கூப்பிடுவாள். "ஆனா அவங்க அழணும்னுதானே இவ்வளவு தூரம் வந்திருக்காங்க? அழ விடு."

சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள். நெய்தி தோளைக் குலுக்கி அந்தக் கையை உதறிவிட்டு நகர்ந்தாள்.

பெரிய மரத்தடியில் மேசை போட்டுச் சோளக் கதிரும் பூவும் பரப்பியிருந்தார்கள். சாம்பிராணி மாதிரி ஒரு பிசினை எரித்தார்கள், புகை கண்ணைக் கரித்தது. சங்கு ஊதிக்கொண்டு புதருக்குப் பின்னாலிருந்து வந்தவனைப் பார்த்து நெய்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புலித்தோல் அச்சுப் போட்ட துணி இடுப்பில். முகத்தில் பாதி மண்டையோடு வரைந்திருந்தது. தலையில் மயிலிறகு! இந்தக் காட்டில் எந்த மயில் வந்து முட்டையிட்டது? தொப்பைக்கு மேலே பச்சைச் சாயம் வியர்வையில் ஒழுகி அசிங்கமாக இருந்தது. இந்த மனுஷனோடுதான் அவள் ஒரே ஊஞ்சல் படுக்கையில் படுக்கிறாள்.

ரெனாத்தா இவளிடம் வந்தாள். "ராணி, குழந்தையைக் குடு. பிலார்தான் ஞானத்தாயா நிக்கப்போறாங்க. இடுப்புல வச்சு மேசையைச் சுத்துவாங்க."

"இடுப்புல இல்ல மேடம். கையிலதான். எம் புருஷன் அப்படித்தான் சொன்னார்."

"கம்பெனி தாள்ல இடுப்புன்னு படத்தோட போட்டிருக்கே. அதைப் பாத்துத்தானே இவங்க வந்திருக்காங்க."

"அப்படின்னா நான் குழந்தையைத் தரலை."

ரெனாத்தா சிரிப்பை மாற்றாமல் ஹாசிந்தோவைப் பார்த்தாள். மண்டையோட்டு முகம் இவளிடம் ஓடி வந்தது. "நெய்தி, நெய்தி... கையிலதான். நான் சொல்லிட்டேன். கையிலதான். நான் பக்கத்துலயே நிக்கறேன் இல்ல?"

"காலைப் பிரிச்சாங்கன்னா உன் தலையில இருக்கறதைப் பிடுங்கி உன் வாயில திணிப்பேன்," என்றாள் நெய்தி மாயாவில். சுற்றி நின்றவர்கள் அதையும் ஏதோ மந்திரம் என்று நினைத்துப் பதிவு செய்துகொண்டார்கள்.

குழந்தையைப் படுக்கை வசத்திலேயே பிலாரின் கையில் வைத்தாள். ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டாள். ஹாசிந்தோ கண்ணை மூடி, கையை வானத்துக்குத் தூக்கி, கரகரத்த குரலில் ஆரம்பித்தான். மாயாவில்தான். நெய்தி காது கொடுத்தாள்.

"ஓ, பின் டயர்ல காத்து எறங்குது! ஓ, சேவலுக்குத் தீவனம் தீந்துபோச்சு! கிழக்கே இருப்பவனே, என் மச்சான் ரம்பத்தை வாங்கிட்டுப் போனவன் திருப்பித் தரலை! மேற்கே இருப்பவனே, இந்தப் புகை என் கண்ணைக் கெடுக்குது, சீக்கிரம் முடிச்சு விடு!"

கூட்டம் தலை குனிந்து நின்றது. ஒரு பெண் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் மட்டும் வேனுக்குப் பின்னால் போய் நின்று குலுங்கினான், அவன் பக்கத்து ஊர்க்காரன். நெய்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. வேறு யார் குழந்தையாகவோ இருந்தால் ஒருவேளை சிரித்திருப்பாள். கையில் இருப்பது சுவேமி அல்லவா.

அப்போது ரெனாத்தா பின்னாலிருந்து பிலாருக்குச் சைகை காட்டினாள். தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். பிலார் புரிந்துகொண்டு, ஆசையாகக் குழந்தையை நிமிர்த்தி, ஒரு காலை இந்தப் பக்கம், ஒரு காலை அந்தப் பக்கம்...

நெய்தி பாய்ந்தாள். கால் பிரிவதற்குள் குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். சோளக் கதிர்கள் உருண்டன. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு யாரோ ஒருவன் கை தட்டினான். எல்லாரும் தட்டினார்கள். இதுவும் சடங்கில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கைதட்டல் முதுகில் எச்சிலாக விழ, நெய்தி விடுவிடுவென்று மேட்டின் பின்பக்கம் நடந்தாள்.

பின்பக்கம் வௌவால் புழுக்கை வாடை. இடிந்த சுவரில் யாரோ காதலன் காதலி பெயரைக் கீறி வைத்திருந்தான். அந்த நாற்றத்திலும் நெய்திக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. காப்பாற்றிவிட்டாள். ஒரு நொடி தாமதித்திருந்தால் போயிருக்கும். குழந்தையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து முத்தமிட்டாள்.

ஹாசிந்தோ மூச்சிரைக்க வந்தான். சாயம் கழுத்து வரை வழிந்திருந்தது.

"உனக்குப் பைத்தியமா? எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. அந்தம்மா மூஞ்சியே சரியில்ல. என் வேலை போச்சு."

"போகட்டும். டயரையும் தீவனத்தையும் சாமிகிட்ட ஒப்பிக்கற வேலை ஒரு வேலையா? நீ என்ன சத்தியம் பண்ணின?"

"பண்ணினேன், ஒத்துக்கறேன்."

"அப்புறம் அவ காலைப் பிரிக்கறப்ப எதுக்கு மரம் மாதிரி நின்ன?"

"வச்சா என்ன இப்ப? இனிமே புதுசா என்ன ஆகிடப்போகுது?"

சொல்லிவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். மூடிய விதத்தைப் பார்த்ததும் நெய்தி அவன் எதிரே வந்து நின்றாள்.

"புதுசா ஆகாதுன்னா? பழசா என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஹாசிந்தோ."

"ஒண்ணுமில்லேன்னா விடேன்."

"சொல்லலேன்னா இப்பவே மேல ஏறி நின்னு உன் மந்திரத்தையெல்லாம் ஸ்பானிஷ்ல சொல்லுவேன். நான் சொல்லுவேன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அவன் சுவரோரம் உட்கார்ந்தான். மயிலிறகு கல்லில் இடித்து வளைந்தது.

"நேத்து நீ மாவு அரைக்கப் போயிருந்த இல்ல? மேடம் கார்ல வந்தாங்க. குழந்தை எப்படி இருக்குன்னு பாக்கணும், விளம்பரத்துக்கு ஒரு படம் எடுக்கணும்னு. முட்டை, விதை எல்லாம் அவங்களே கொண்டு வந்திருந்தாங்க. படத்துக்குத்தானேன்னு..."

"இடுப்புல வச்சாளா?"

அவன் தலையை ஆட்டினான்.

 நெய்தி உடனே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இப்ப உளறின மாதிரிதானே உளறின? டயர், சேவல், அதுதானே? அப்படின்னா அது சேராது. வார்த்தை இல்லாம சும்மா தூக்கினது கணக்குல வராது. சொல்லு, என்ன சொன்ன?"

ஹாசிந்தோ பச்சைக் கையால் கண்ணைத் துடைத்தான், கண்ணெல்லாம் பச்சையானது.

"வாயைத் தொற!"

"டயருன்னுதான் ஆரம்பிச்சேன் நெய்தி. சத்தியமா. டயருன்னு வாய் வரைக்கும் வந்துது. அவ என்னையே பாத்தா. நம்ம பொண்ணு. முட்டையை நாக்குல வச்சதும் சப்புக்கொட்டினா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் குப்பையச் சொல்ல வாய் வரலை. அப்பா எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். முழுசா. நாலு திசைக்கும் பேரு சொன்னேன். புத்தி தொறக்கட்டும், கை பழகட்டும், நாக்கு பழகட்டும்னு. எல்லாம் சொன்னேன்."

"கடைசி வார்த்தையையும் சொன்னியா? உன்னை இவ கையில குடுக்கறேன்னு?"

"சொன்னேன்."

"பேரு சொல்லியா?"

"ரெனாத்தான்னு பேரு சொல்லித்தான்," என்றான் ஹாசிந்தோ. அவன் அழுதுகொண்டிருந்தான்.

நாளெல்லாம் பொய்யை ஊதிப் பிழைக்கிறவன். வருஷம் முழுக்க ஒரு வார்த்தை உண்மை சொல்லாத வாய். அந்தப் பாழும் வாய்க்கு ஒரே ஒரு நாள் உண்மை வந்திருக்கிறது, அதுவும் எந்த நாளில், யாரை எதிரே வைத்துக்கொண்டு! அவனைத் திட்ட நெய்தி வாயைத் திறந்தாள்.  பாசத்தில் செய்ததை எந்த வார்த்தையால் திட்டுவது? அவன் வேலைக்காகக் குழந்தையை விற்றிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள். இது அதைவிடக் கேவலமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை எர்மிலா அக்கா திரும்ப வச்சா சரியாப் போயிடாதா?" என்றான். "யாருக்குத் தெரியும்? நான் சொல்ல மாட்டேன், மேடத்துக்கு இது ஒண்ணுமே புரியாது."

"எர்மிலா அக்காகிட்ட பொய் சொல்லி வாங்கின இடுப்புல என் பொண்ணை உக்கார வைக்கச் சொல்றியா? உண்மை பேசற பொண்ணா வளரணும்னு?"

 நெய்தி குழந்தையைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து காலைச் சேர்த்துச் சேர்த்துப் பிடித்துக் காத்தாளே, காக்க எதுவுமே மிச்சமில்லாமல்தான் காவல் இருந்திருக்கிறாள். வேனில் அந்த நெடியைத் தாங்கினது, தோளில் விழுந்த கையைத் தாங்கினது, பதினாறு வயதைத் தாங்கினது, எல்லாம் வீண். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. 

பிறகு முன்பக்கம் நடந்தாள். ஹாசிந்தோ பின்னால் கூப்பிட்டான், நிற்கவில்லை.

கூட்டம் மரத்தடியில் உட்கார்ந்து வாழையிலையில் சுற்றிய பன்றிக் கறியைத் தின்றுகொண்டிருந்தது. ரெனாத்தா தனியாகத் தள்ளி நின்று கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நெய்தி வருவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திச் சீறினாள்.

"ராணி, இன்னொரு தடவை இப்படிப் பண்ணினேன்னா..."

"கொமாத்ரே," என்றாள் நெய்தி.

அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கில் பித்தம் கசந்தது. ஆனாலும் முறைப்படி நின்று, தலையைத் தாழ்த்திச் சொன்னாள். முறை என்றால் முறைதான்.

ரெனாத்தா விழித்தாள். "யாரை? என்னையா?"

"நேத்து எங்க வீட்டு மேசையைச் சுத்தி இவளை இடுப்புல வச்சீங்க. எம் புருஷன் உண்மையான வார்த்தையைச் சொல்லி உங்க கையில இவளைக் குடுத்துட்டார். உங்களுக்கு வேடிக்கையா இருந்திருக்கும். எங்களுக்கு முடிஞ்சுபோச்சு. இவளுக்கு இனிமே நீங்கதான் ஞானத்தாய். வேற ஆளை வைக்க முடியாது."

"அய்யோ, அது படத்துக்காக..."

"தெரியும். நான் நாளைக்கே செத்தா இவளை நீங்கதான் வளக்கணும். நான் சாகமாட்டேன், பயப்படாதீங்க."

ரெனாத்தாவின் கை தானாகத் தோள்பைக்குப் போனது. "என்ன வேணும் உனக்கு? சொல்லு."

"பையை மூடுங்க!" நெய்தியின் குரல் உயர்ந்தது, அடக்கிக்கொண்டாள். "ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். முதல்ல இடுப்புல வச்சவ எப்படியோ, குழந்தையும் அப்படித்தான் வரும். அவ கை, அவ குணம், அவ வாய். இதை நான் வேணும்னு சொல்லலை, எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் நடந்திருக்கு. அதனால, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன் கொமாத்ரே. பொய் சொல்றதை விட்டுடுங்க. எனக்காக இல்ல. இவளுக்காக."

நெய்தி தன் வாழ்நாளில் யாரையும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சினாள், அதுவும் இவளை.

ரெனாத்தா குழந்தையைப் பார்த்தாள். இன்றைக்கு முதல்முறையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. விரலை நீட்டினாள், சுவேமி அதைப் பற்றிக்கொண்டது. ரெனாத்தாவின் கண்ணில்கூட ஏதோ பளபளத்தது.

"சரி," என்றாள் மெதுவாக. "சத்தியமா விட்டுடறேன்."

நெய்தி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், அவளுக்கு வேறு வழி இருந்ததா?

அதற்குள் பிலார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே அவள் புருஷனும் இன்னும் நாலைந்து பேரும். "என்ன ஆச்சு? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று பிலார் தவிப்பாகக் கேட்டாள். "அந்தப் பொண்ணு ஏன் குழந்தையைப் பிடுங்கிட்டு ஓடினா? இப்ப உங்ககிட்ட என்ன சொன்னா?"

ரெனாத்தா திரும்பினாள். விரல் இன்னும் சுவேமியின் பிடியிலேயே இருந்தது.

"தப்பே இல்ல பிலார், கவலைப்படாதீங்க," என்றாள். குரல் தேனாக வழிந்தது. ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை. "சடங்கோட கடைசிப் பகுதியே அதுதான். தாய் குழந்தையைப் பறிச்சுக்கிட்டு அரசியோட சமாதிக்கு ஓடணும். அங்க அரசியோட ஆவிகிட்டக் கேக்கணும். அரசி உங்களை ஏத்துக்கிட்டாளாம். அதைத்தான் இப்ப இவங்க கண்ணீரோட எங்கிட்ட சொன்னாங்க."

பிலார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

நெய்தி குழந்தையைப் பார்த்தாள். சுவேமி இமைக்காமல் ரெனாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் குட்டி உதடுகள் அந்த வாய் அசைவதற்கு ஏற்ப மெல்ல அசைந்தன. நெய்தி அந்த விரலைப் பிடுங்கி எறிந்துவிட்டு மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். குழந்தை முனகிக்கொண்டே கழுத்தைத் திருப்பி மறுபடி அந்த வாயைப் பார்த்தது.